கிளைபோசேட்: புற்றுநோய் என்கிறார்கள், உப்பை விடப் பாதுகாப்பு என்கிறார்கள். எதை நம்புவது?

தோப்புக்காரன் (பொள்ளாச்சி பக்கம்)

எல்லாருக்கும் வணக்கமுங்க. தென்னந்தோப்புல களை எடுக்க ஆள் கிடைக்கிறதே இல்லை. மழை பேஞ்சு பத்து நாள்ல கோரையும் அருகும் முழங்கால் வரைக்கும் வந்துடுது. மருந்துக் கடையில கிளைபோசேட் 41 சதவீதம்னு ஒரு களைக்கொல்லி கேன் குடுத்தாங்க. அப்பாதான் டேங்கை முதுகுல மாட்டிட்டு அடிக்கிறார். லுங்கியும் வெறுங்காலுமா அடிக்கிறார், அதுதான் என் கவலை.

சித்தப்பா பையன் வாட்ஸ்அப்ல ஒண்ணு அனுப்பினான்: இது புற்றுநோய் வர வைக்கிற மருந்து, அமெரிக்காவுல கோடிக்கணக்குல நஷ்டஈடு, இலங்கையில மொத்தமா தடை பண்ணிட்டாங்கன்னு. வேளாண்மை படிச்ச நண்பர் ஒருத்தர் "சமையல் உப்பை விட இது விஷம் கம்மி, பயப்படாதே"ங்கிறார். ரெண்டு பேரும் உறுதியாப் பேசுறாங்க. விவரம் தெரிஞ்சவங்க கொஞ்சம் விளக்கமாச் சொல்லுங்க.

---

கௌரி_வேதியியல்

தம்பி, அந்த உப்புக் கணக்கு பொய் இல்லை. ஆனால் அது சொல்வது ஒரே ஒரு விஷயத்தை. எலிக்கு ஒரே வேளையில் எவ்வளவு கொடுத்தால் பாதி எலிகள் சாகும் என்ற அளவு அது. அந்த அளவில் தூய கிளைபோசேட் உப்பைவிடக் குறைந்த நச்சுதான். இருபது வருடம் தோலில் பட்டால் என்ன ஆகும் என்பதற்கும் அந்த எண்ணுக்கும் சம்பந்தமே இல்லை. உங்கள் அப்பா அடிப்பதும் தூய கிளைபோசேட் இல்லை. அது இலையில் ஒட்டி உள்ளே இறங்குவதற்காகச் சோப்பு மாதிரியான ஒரு பொருளைச் சேர்த்திருப்பார்கள். பி.ஓ.இ.ஏ. என்ற வகை அதிகம் பயன்பட்டது. கண்ணுக்கும் தோலுக்கும் மீனுக்கும் கிளைபோசேட்டை விட அதுதான் மோசம். ஐரோப்பிய ஒன்றியம் 2016-லேயே கிளைபோசேட் கலவைகளில் அதைச் சேர்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டது.

வரலாற்றைக் கொஞ்சம் சொல்கிறேன், பின்னால் இலங்கைக் கதைக்கு இது தேவைப்படும். 1950-ல் சுவிட்சர்லாந்தில் ஹென்றி மார்ட்டின் என்ற வேதியியலாளர் ஒரு மருந்துக் கம்பெனியில் இதை முதலில் தயாரித்தார். நோய்க்கு மருந்தாகப் பயன்படவில்லை, கிடப்பில் போட்டார்கள். 1964-ல் அமெரிக்காவின் ஸ்டாஃபர் கம்பெனி, உலோகங்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும் பொருள் என்று காப்புரிமை வாங்கியது. கால்சியம், மக்னீசியம் எல்லாவற்றையும் இது கவ்விக்கொள்ளும். களையைக் கொல்லும் என்று 1970-ல் கண்டுபிடித்தவர் அமெரிக்காவின் மான்சாண்டோ கம்பெனியில் இருந்த ஜான் ஃபிரான்ஸ். 1974-ல் ரவுண்டப் என்ற பெயரில் கடைக்கு வந்தது.

வேலை செய்யும் விதம்: செடிக்குள் சில அமினோ அமிலங்களைத் தயாரிக்கும் ஒரு பாதை உண்டு. அதில் ஒரு நொதியை இது அடைத்துவிடும். இலையில் பட்டது வேர்வரை இறங்கும். செடி மெல்ல மெல்லப் பட்டினியில் சாகும், அதனால்தான் மஞ்சளாக ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறது. அந்தப் பாதை மனிதனிடமும் மாட்டிடமும் இல்லை. "மனிதருக்கு ஒன்றும் செய்யாது" என்ற வாதம் முழுக்க இதன்மேல்தான் நிற்கிறது. ஆனால் ஒரு பொருள் ஒரு வழியில் மட்டும்தான் உடம்பைத் தொடும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது.

---

மலையகத்தான் (ஹட்டன்)

இலங்கையில் மொத்தமாகத் தடை என்பது பழைய கதை. இப்போது தேயிலைக்கும் இறப்பருக்கும் அனுமதி இருக்கிறது. நடந்ததைச் சொல்கிறேன், இதைத் தமிழ்நாட்டில் பலர் பாதிதான் கேள்விப்பட்டிருக்கிறீர்கள்.

2014-ல் மகிந்த ராஜபக்ஷ அரசு தடை என்று அறிவித்துவிட்டு நிறுத்தி வைத்தது. 2015 மே மாதம் அடுத்த ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன முழுத் தடை கொண்டுவந்தார். அவர் பொலன்னறுவைக்காரர். அந்தப் பக்கம் விவசாயிகள் சிறுநீரகம் பழுதாகிச் செத்துக்கொண்டிருந்தார்கள். பௌத்த பிக்கு அத்துரலியே ரத்தன தேரர் மாதிரியானவர்களும் தடைக்காகக் கடுமையாகக் குரல் கொடுத்தார்கள்.

ஆனால் நாட்டில் களைநாசினி அதிகம் அடித்த இடங்களில் ஒன்று எங்கள் தேயிலை மலை. தடை வந்ததும் மலையெல்லாம் புல்லு ஏறிவிட்டது. கொழுந்து பறிக்கப் போகும் பெண்களுக்குக் கால் வைக்க இடமில்லை, புல்லுக்குள் அட்டை, பாம்பு. தோட்டங்களில் ஆட்கள் ஏற்கெனவே கொழும்புக்குப் போய்க் குறைந்துவிட்டார்கள். சில இடத்தில் சுரண்டி போட்டுப் புல்லைச் செதுக்கினார்கள், சரிவில் மண் கழன்று ஆற்றுக்குப் போனது. சில தோட்டங்கள் எம்.சி.பி.ஏ. என்ற வேறு களைநாசினிக்கு மாறின. அதன் எச்சம் தேயிலையில் இருக்கிறது என்று ஜப்பான் பிடித்துக்கொண்டது. அந்த மருந்துக்கு ஜப்பானின் வரம்பு மிகவும் இறுக்கம். 2018-ல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் தடையை எடுத்தார்கள்.

2021-ல் ஜனாதிபதி கோட்டாபய இரசாயன உரம், மருந்து எல்லாவற்றின் இறக்குமதியையும் நிறுத்தியது உங்களுக்குத் தெரியும். அந்த வருடம் நவம்பரில் கிளைபோசேட்டை அனுமதிக்கும் அறிவிப்பு ஒன்று வந்து, சில நாளிலேயே திரும்பப் பெறப்பட்டது. 2022-ல் மறுபடி இறக்குமதியைத் திறந்தார்கள். ஏழு வருடத்தில் இத்தனை தடவை மாறினால் தோட்டத்தில் வேலை செய்கிறவன் எதை நம்புவான்?

---

கரிசல்காடு

இதைத்தான் நான் எப்பவும் சொல்றேன். ஆபீஸ்ல உட்கார்ந்து தடை போடுறவங்க யாரும் களை எடுத்ததில்லை. எங்க பக்கம் பருத்திக்காட்டுல ஒரு நடை களை எடுக்குற கூலியில வெள்ளாமை லாபமே போயிடுது. இந்த ஒரு மருந்தைத் தடை பண்ணினா அதைவிட மோசமான மருந்தைத்தான் விவசாயி வாங்குவான். இலங்கையிலயே அதுதான் நடந்திருக்கு. அறிவியல் பாதுகாப்புன்னு சொல்லியாச்சு, பேச்சு முடிஞ்சது.

---

வன்னி_தாதி

கரிசல்காடு அண்ணா, பேச்சு முடியவில்லை. நான் சிறுநீரகப் பிரிவில் வேலை செய்கிறவள்.

அந்த நோய் 1990-களில் வட மத்திய மாகாணத்தில் கவனத்துக்கு வந்தது. மெதவாச்சி, பதவியா, அநுராதபுரம், பொலன்னறுவை. பிறகு எங்கள் வவுனியாப் பக்கமும். வருகிறவருக்கு நீரிழிவு இல்லை, உயர் இரத்த அழுத்தம் இல்லை, சிறுநீரகம் மட்டும் சுருங்கிப் போயிருக்கும். பெரும்பாலும் நெல் விவசாயிகள், ஆண்கள், நடுத்தர வயது. வலி இல்லை, வீக்கம் இல்லை, அதனால் பிந்தித்தான் வருவார்கள். "காரணம் அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய்" என்பதுதான் அதன் அதிகாரபூர்வப் பெயர்.

2014 பெப்ரவரியில் சன்ன ஜயசுமன, சரத் குணதிலக்க, பிரியந்த சேனாநாயக்க மூன்று பேரும் ஒரு கட்டுரை எழுதினார்கள். கௌரி அக்கா சொன்ன அந்தக் கவ்விக்கொள்ளும் குணம்தான் அதன் மையம். வறண்ட பகுதிக் கிணற்றுத் தண்ணீர் கடினநீர், கல்சியம் அதிகம். கிளைபோசேட் அந்தக் கல்சியத்தோடும் ஆர்சனிக் போன்ற உலோகங்களோடும் சேர்ந்து சிறுநீரகம்வரை போய் அங்கே கெடுக்கிறது என்பது அவர்களின் கருதுகோள். கருதுகோள் என்று அவர்களே எழுதினார்கள். அதை நிரூபித்த ஆய்வு அல்ல அது. ஆனால் தடைக்கு அதுவே பெரிய ஆதாரமாகப் போயிற்று.

இதற்கு எதிராகக் கேட்ட முக்கியமான கேள்வி, மலையகத்தான் அண்ணா சொன்னதிலேயே இருக்கிறது: தேயிலை மலையில் இவ்வளவு அடித்தும் அங்கே ஏன் இந்த நோய் இப்படிப் பரவவில்லை? அதற்கு அவர்களுடைய பதில், மலைத் தண்ணீர் கடினநீர் இல்லை என்பது. அது சரியாக இருக்கலாம். ஆனால் எல் சல்வடோர், நிகரகுவா கரும்புத் தோட்டங்களிலும், ஆந்திராவில் சிரீகாகுளம் உத்தானம் பகுதியிலும் இதே மாதிரி நோய் இருக்கிறது. மத்திய அமெரிக்காவில் வெயிலில் தண்ணீர் குடிக்காமல் நாள் முழுக்கக் கடும் வேலை செய்வதுதான் காரணம் என்று வலுவான கருத்து உண்டு. எங்கள் பக்கம் புளோரைட், கட்மியம், கடினநீர், வெப்பம், வேறு பூச்சிமருந்துகள் எல்லாவற்றையும் பார்க்கிறார்கள். ஒரே காரணம் இல்லாமலும் இருக்கலாம்.

எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். ஒரு மருந்தைத் தடை செய்ததும் நோய்க்குத் தீர்வு வந்துவிட்டது போல மேடையில் பேசினார்கள். வார்டில் கட்டில் காலியாகவில்லை. ஊரில் சுத்திகரித்த குடிதண்ணீர், வருடம் ஒருமுறை இரத்தப் பரிசோதனை, பக்கத்தில் டயலிசிஸ் - இவைதான் அந்தக் குடும்பங்களுக்குத் தேவை. தடை செய்வது ஒரு கையெழுத்து. இதெல்லாம் காசு.

---

நீர்_நிலம்

கரிசல்காடு நண்பர் "அறிவியல் சொல்லியாச்சு" என்றார். எந்த அறிவியல், யார் எழுதியது என்று பார்க்க வேண்டாமா?

2015 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை (பிரான்சில் லியோன் நகரில் இருப்பது) கிளைபோசேட்டை 2ஏ பிரிவில் வைத்தது. "மனிதருக்கு அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும்" என்ற பிரிவு. அதன்பிறகு அமெரிக்காவில் வழக்குகள் குவிந்தன. முதல் தீர்ப்பு 2018 ஆகஸ்ட்டில், சான் பிரான்சிஸ்கோவில். டிவெய்ன் ஜான்சன் என்பவர் கலிஃபோர்னியாவில் பள்ளி மைதானங்களைப் பராமரித்தவர், களைக்கொல்லி அடிப்பது அவர் வேலை. உடம்பெல்லாம் நனைந்த சம்பவங்களை நீதிமன்றத்தில் சொன்னார். நிணநீர்ப் புற்றுநோய். ஜூரி 28.9 கோடி டாலர் கொடுக்கச் சொன்னது, மேல்முறையீட்டில் சுமார் 2 கோடியாகக் குறைந்தது. அந்த வருடம்தான் பேயர் கம்பெனி மான்சாண்டோவை 6,300 கோடி டாலருக்கு வாங்கியிருந்தது. 2020-ல் வழக்குகளைத் தீர்க்க 1,000 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கியது.

பணத்தை விட முக்கியம், வழக்கில் வெளியே வந்த உள் கடிதங்கள். 2000-ல் வில்லியம்ஸ், க்ரோஸ், மன்ரோ மூவரும் எழுதிய ஒரு கட்டுரை, கிளைபோசேட் பாதுகாப்பானது என்று உலகம் முழுக்க மேற்கோள் காட்டப்பட்டது. அதை எழுதுவதில் மான்சாண்டோ ஆட்களின் கை இருந்தது அந்தக் கடிதங்களில் தெரிந்தது. 2025 இறுதியில் அந்த இதழே கட்டுரையைத் திரும்பப் பெற்றது. இருபத்தைந்து வருடம் அதை ஆதாரமாக வைத்து எத்தனை நாடுகளில் என்னென்ன முடிவு எடுத்திருப்பார்கள்!

---

கௌரி_வேதியியல்

நீர்_நிலம் சொன்னது எல்லாம் சரி. அந்தக் கட்டுரை விவகாரம் வெட்கக்கேடு, அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் இரண்டு விஷயத்தைச் சேர்த்தால்தான் முழுப் படம் வரும்.

முதலில், 2ஏ என்றால் என்ன? ஒரு பொருளால் புற்றுநோய் வர முடியுமா என்பதற்கான ஆதாரம் எவ்வளவு வலுவானது என்பதை மட்டும் லியோன் முகமை பார்க்கிறது. எவ்வளவு பட்டால், எத்தனை பேருக்கு வரும் என்ற கணக்கை அது போடுவதில்லை. மாட்டிறைச்சியும் இரவு ஷிப்ட் வேலையும்கூட அதே 2ஏ-வில் இருக்கின்றன. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அதே 2015 நவம்பரில் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்பில்லை என்றது. 2016 மே மாதம் உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை அமைப்பும் சேர்ந்து நடத்தும் குழு, உணவு வழியாகப் புற்றுநோய் ஆபத்துக்கு வாய்ப்பில்லை என்றது. ஒரே நிறுவனத்தின் இரண்டு குழுக்கள் முரண்படுவதாகத் தோன்றும். கேள்வியே வேறு. ஒன்று, வர முடியுமா? மற்றது, சாப்பாட்டில் இருக்கும் எச்சத்தால் வருமா? லியோன் குழு வெளியான ஆய்வுகளையும் கடையில் விற்கும் கலவைகளையும் பார்த்தது. ஒழுங்குமுறை அமைப்புகள் கம்பெனிகள் கொடுத்த வெளியிடப்படாத ஆய்வுகளையும் எடுத்துக்கொண்டன, பெரும்பாலும் தூய வேதிப்பொருளைப் பார்த்தன.

அடுத்தது, மனிதர்களை நேரடியாகப் பார்த்த ஆய்வுகள். அமெரிக்காவின் அயோவா, வட கரோலினா மாநிலங்களில் மருந்து அடிப்பவர்கள் 54,000 பேருக்கு மேல் பல வருடம் பின்தொடர்ந்தார்கள். 2018-ல் வந்த முடிவு: கிளைபோசேட்டுக்கும் நிணநீர்ப் புற்றுநோய்க்கும் தொடர்பு தெரியவில்லை. 2019-ல் வேறொரு குழு பல ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்குப் போட்டு, மிக அதிகம் பட்டவர்களிடம் அபாயம் 41 சதவீதம் கூடுதல் என்றது. அந்தப் புற்றுநோய் வருபவர்கள் அடிப்படையிலேயே குறைவு என்பதால் 41 சதவீதம் கூடினாலும் எண்ணிக்கை சிறிதுதான். ஆனால் அது பூச்சியம் இல்லை.

அமெரிக்காவின் சுற்றுச்சூழல் முகமையும் ஒரே நிலையில் இருந்ததில்லை. 1985-ல் சுண்டெலிகளின் சிறுநீரகக் கட்டிகளைப் பார்த்து "புற்றுநோய் உண்டாக்கலாம்" என்ற பிரிவில் வைத்தது. மருந்தே கொடுக்காத எலிகளிலும் ஒன்றில் கட்டி இருந்ததா என்று பழைய திசுக்களை மறுபடி நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார்கள், பெரிய சர்ச்சை. 1991-ல் "உண்டாக்காது" என்ற பிரிவுக்கு மாற்றியது. 2020-ல் மறுபடி பாதுகாப்பு என்றது. 2022-ல் அதன் உடல்நலப் பகுதியைக் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் போதிய ஆதாரமில்லை என்று ரத்து செய்தது. ஐரோப்பிய ஒன்றியமோ 2023-ல் மேலும் பத்து வருடத்துக்கு அனுமதி நீட்டித்தது.

---

கரிசல்காடு

சரிங்க கௌரி மேடம், அப்ப ஐரோப்பாவே பத்து வருசம் குடுத்திருக்கே. நம்ம ஊர் விவசாயிக்கு மட்டும் எதுக்குத் தடை?

---

மலையகத்தான் (ஹட்டன்)

அண்ணன், ஐரோப்பாவில் அடிக்கிறவன் கண்ணாடிக் கூண்டு வைத்த டிராக்டருக்குள் இருந்து அடிக்கிறான். எங்கள் தோட்டத்தில் மருந்து அடிக்கும் ஆள் டேங்கை முதுகில் சுமக்கிறான். டேங்க் ஒழுகினால் முதலில் நனைவது அவன் முதுகு. சரிவான மலையில், தன் இடுப்பு உயரப் புல்லுக்குள், தான் அடித்த ஈரத்துக்குள்ளேயே நடந்து போகிறான். கையுறையும் பூட்ஸும் கொடுத்த தோட்டமும் உண்டு. கொடுத்ததாகப் புத்தகத்தில் எழுதின தோட்டமும் உண்டு. கொடுத்தாலும் அந்த ஏற்றத்தில் ரப்பர் உடுப்போடு மூச்சு விட முடியாது, கழற்றி வைத்துவிடுவான். பழைய கேனில் வீட்டில் தண்ணீர் பிடித்து வைத்ததை நானே பார்த்திருக்கிறேன்.

"சொன்னபடி பயன்படுத்தினால் பாதுகாப்பு" என்று எல்லா அறிக்கையிலும் ஒரு வரி வரும். சொன்னபடி பயன்படுத்தக் கூடிய கூலி, உடுப்பு, கழுவத் தண்ணீர், இதெல்லாம் இல்லாத இடத்தில் அந்த வரிக்கு என்ன அர்த்தம்? தடை இருந்த வருடங்களில் கம்பெனிகள் விளைச்சல் நட்டத்தைக் கணக்கெடுத்துப் பேப்பரில் போட்டன. அடித்தவர்களின் உடம்பை யார் கணக்கெடுத்தார்கள்? வடமத்தி விவசாயியைப் பற்றியாவது பேசினார்கள். தடை போட்டபோதும் எங்களிடம் கேட்கவில்லை, எடுத்தபோதும் கேட்கவில்லை.

நான் தடை கேட்கவில்லை. அடிக்கிற ஆளுக்கு வருடா வருடம் மருத்துவப் பரிசோதனை, ஒழுகாத டேங்க், வேலை முடிந்ததும் குளிக்க இடம். இதைச் செய்ய முடியாத தோட்டத்துக்கு மருந்தும் வேண்டாம். என் நிலைப்பாடு இதுதான்.

---

வன்னி_தாதி

மலையகத்தான் அண்ணா சொன்னதோடு நிற்கிறேன். ஒன்று மட்டும் சேர்க்க வேண்டும், ஏனென்றால் "தடையே உதவாது" என்று இதைப் படிக்கிற யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. பரகுவாட் என்ற களைநாசினியை இலங்கை 2008-லிருந்து படிப்படியாக நிறுத்தியது. அதைக் குடித்தவருக்கு முறிமருந்து கிடையாது, நுரையீரலைப் பிடித்தால் மருத்துவர்கள் கையைப் பிசைய வேண்டியதுதான். 1995-லிருந்து மிக நச்சான மருந்துகளை ஒவ்வொன்றாக எடுத்ததால் இலங்கையில் தற்கொலைச் சாவுகள் மிகப் பெரிய அளவில் குறைந்தன. விளைச்சலும் விழவில்லை. அந்தத் தடைகளுக்கு ஆதாரம் மருத்துவமனைப் பதிவேடுகளில் இருந்தது, அதைப் பார்த்துத்தான் முடிவெடுத்தார்கள். கிளைபோசேட்டில் அந்த வேலை நடக்கவில்லை.

கரிசல்காடு அண்ணா, உங்கள் வீட்டில் பரகுவாட் இருந்தால் தயவு செய்து அதை வைத்திருக்காதீர்கள்.

---

கரிசல்காடு

இருக்குதும்மா. கடையில திருப்பி எடுத்துக்குவாங்களான்னு கேட்கிறேன். நீங்க ரெண்டு பேரும் சொன்னதை யோசிக்கணும். ஆனா ஆள் கூலிப் பிரச்சினைக்கு இன்னும் யாரும் பதில் சொல்லலை, அதையும் மறந்துடாதீங்க.

---

தோப்புக்காரன்

இவ்வளவு விவரம் எதிர்பார்க்கலைங்க, ரொம்ப நன்றி. இப்ப எனக்கு நேரடியா ரெண்டு கேள்வி. தென்னைக்கு இது அனுமதி உள்ளதா? கேன் பாதி மிச்சம் இருக்கு, அப்பா அடிச்சே தீருவேங்கிறார், என்ன பண்ணச் சொல்லட்டும்?

---

கௌரி_வேதியியல்

இந்தியாவில் கிளைபோசேட்டுக்குப் பதிவு இருப்பது தேயிலைக்கும் பயிர் இல்லாத நிலத்துக்கும் மட்டும். தென்னந்தோப்பு அதில் இல்லை, கடைக்காரர் அதைச் சொல்லியிருக்க வேண்டும். 2022 அக்டோபரில் மத்திய அரசு இன்னும் இறுக்கி, பூச்சிக் கட்டுப்பாட்டு நிறுவனத்தார் மூலமாக மட்டுமே அடிக்கலாம் என்று உத்தரவு போட்டது. அதனால் அப்பா தானே தோப்பில் அடிப்பதைச் சட்டம் ஏற்காது. மிச்சத்தைக் கடையில் திருப்பிக் கொடுக்கக் கேளுங்கள். வாய்க்காலிலோ கிணற்றோரத்திலோ ஊற்ற வேண்டாம். ஊற்றிய கேனைக் கழுவினாலும் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள்.

இதுவரை பட்டதை நினைத்து அப்பாவைப் பயமுறுத்தாதீர்கள். எப்போதாவது அடித்தவருக்கு அபாயம் பெரிது என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. ஆனால் எந்த மருந்து அடித்தாலும் ஒன்று தெரிந்துகொள்ளட்டும்: அளந்து டேங்கில் ஊற்றும் நேரம்தான் மிக ஆபத்து, அப்போது கையில் இருப்பது நீர் கலக்காத மருந்து. ரப்பர் கையுறை, முழுக்கால் சட்டை, பூட்ஸ். காற்றுக்கு எதிரே நடக்கக் கூடாது. முடிந்ததும் சோப்புப் போட்டுக் குளித்து, அந்தத் துணியைத் தனியாகத் துவைக்க வேண்டும்.

கரிசல்காடு கேட்ட கூலிக் கேள்விக்கு, தோப்புக்கு மட்டும் எனக்குத் தெரிந்த பதில்: மழைக்கு முன்னால் சணப்பையோ தக்கைப்பூண்டோ (பசுந்தாள் உரப் பயிர்கள்) அடர்த்தியாக விதைத்து, பூக்கும் சமயத்தில் மடக்கி உழுதுவிடுங்கள். மரத்தடியில் மட்டையையும் உரிமட்டையையும் மூடாக்காகப் போடுங்கள். மிச்சத்துக்கு பிரஷ் கட்டர். கோரை மட்டும் இதற்கு அடங்காது, அதற்கு இரண்டு மூன்று பருவம் விடாமல் வெட்ட வேண்டும். பருத்திக்காட்டுக்கு இந்த வழி ஒத்துவராது. அதற்கு அனுபவம் உள்ள யாராவது எழுதுங்கள்.

---

தோப்புக்காரன்

சணப்பை விதை ஆனைமலைப் பக்கம் எங்க கிடைக்கும்னு யாருக்காவது தெரியுங்களா? பிரஷ் கட்டர் வாடகைக்கு எடுக்கலாமான்னு நாளைக்கு வேளாண் பொறியியல் ஆபீஸ்ல கேட்கிறேன். அப்பாகிட்ட கௌரி அக்கா எழுதினதைப் படிச்சுக் காட்டினேன். கேனைத் திருப்பிக் குடுக்கச் சம்மதிச்சுட்டார்.